செடியை நம்பி மீன் வளர்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொட்டியில் வளரும் மீன் தன் செவுள் வழியாக அம்மோனியா என்ற கழிவை விட்டுக்கொண்டே இருக்கும். தின்னாமல் அடியில் கிடக்கும் தீனியும் அழுகி அதையே தரும். நீர்ச்செடிகளுக்கு அது உணவு. பாக்டீரியா அதை மாற்றித் தரும் நைட்ரேட்டைவிட அதைத்தான் பெரும்பாலும் முதலில் இழுத்துக்கொள்ளும். ஆனால் வளர்கிற செடிக்கு மட்டும்தான் அந்தப் பசி இருக்கும். இதை மறப்பதால்தான் பல தொட்டிகள் கெடுகின்றன.

முதல் சறுக்கல் கடையிலேயே நடக்கிறது. அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டும் அழகு, எளிதில் சாகாது, ஆனால் மிக மெதுவாக வளரும். கழிவை உறிஞ்சும் வேலையை இவற்றிடம் எதிர்பார்க்காதீர்கள். (இவற்றின் தடித்த தண்டை மணலில் புதைத்தால் அழுகும், கல்லில் கட்டிவிடுங்கள்.) வேலம்பாசி, ஹார்ன்வர்ட், வாலிஸ்நேரியா போன்றவைதான் உழைப்பாளிகள். மிதக்கும் செடிகள் இன்னும் வேகம், காற்றிலிருந்தே கரியமில வாயு கிடைத்துவிடுகிறதே! மணி பிளான்ட்டின் வேரை மட்டும் தண்ணீரில் தொங்கவிட்டாலும் நல்ல பலன் உண்டு. லக்கி பேம்பூவை நீர்ச்செடி என்று சொல்லி விற்றால் வாங்காதீர்கள். முழுக்க மூழ்கினால் நாளடைவில் அழுகிவிடும்.

செடி நட்ட அன்றே மீன்களை மொத்தமாக விடுவதுதான் எல்லாவற்றிலும் மோசமான தவறு. விற்பனைக்கு வரும் செடிகளில் பல, தண்ணீருக்கு வெளியே வளர்க்கப்பட்டவை. மூழ்கியதும் பழைய இலைகள் கரைந்து, புது இலை வர சில வாரங்கள் ஆகும். அதுவரை அவையே தண்ணீரைக் கெடுக்கும். நம் ஊரில் இன்னொரு ஆபத்தும் உண்டு. போர் தண்ணீரில் பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு) 7-க்கு மேல் இருந்து, வெயிலும் சேர்ந்தால் அம்மோனியாவின் நச்சு வடிவம் கூடும். புதுத் தளிர் வந்த பிறகு, இரண்டு மூன்று மீன்களாக விடுங்கள். அதுவரை ஸ்பாஞ்ச் ஃபில்டர் (ஏர் பம்பால் ஓடும் பஞ்சு வடிகட்டி) ஓடட்டும். அதைக் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் கழுவினால் உள்ளே வாழும், அம்மோனியாவை மாற்றும் நல்ல பாக்டீரியா செத்துவிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள்.

விளக்கு 6 முதல் 8 மணி நேரம் போதும். அதிகமானால் பாசிக்குத்தான் கொண்டாட்டம். இருட்டில் செடியும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும் என்பதால், சத்தம் தாங்காமல் இரவில் ஏர் பம்பை நிறுத்தினால், செடி அடர்ந்த தொட்டியில் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து தவிக்கும்.

பழுத்த இலையை உடனே கிள்ளி எடுங்கள். உறிஞ்சியதையெல்லாம் அது தண்ணீருக்கே திருப்பித் தரும். அடர்ந்த செடியை வெட்டி வெளியே எடுக்கும்போதுதான் கழிவு உண்மையில் தொட்டியை விட்டுப் போகிறது. செடி இருக்கிறதே என்று ஆவியான அளவுக்கு மட்டும் போர் தண்ணீர் ஊற்றி வந்தால் உப்பு சேர்ந்துகொண்டே போகும். கொஞ்சம் பழைய தண்ணீரை எடுத்துவிட்டுத்தான் புதிது ஊற்ற வேண்டும்.

வெட்டியதை ஏரியிலோ கிணற்றிலோ போடாதீர்கள். ஆகாயத்தாமரை நம் ஏரிகளை என்ன செய்திருக்கிறது என்று பார்க்கிறோமே. காயவைத்து மாடித் தோட்டத்து உரத்தொட்டியில் போடுங்கள்.