தொலைபேசி எக்ஸ்சேஞ்ச் இல்லாமல் இரண்டு மோடம்களை இணைப்பது எப்படி?

பரணில் கிடந்த இரண்டு டயல்-அப் மோடம்களை (கணினித் தரவைத் தொலைபேசி ஒயரில் அனுப்பும் கருவிகள்) தூசு தட்டி, இரண்டு கணினிகளை நேரடியாகப் பேசவைக்க எனக்கு ஒரு ஞாயிறு முழுவதும் பிடித்தது. உங்களுக்கு அரை மணி நேரம் போதும்.

சீரியல் கேபிளில் மாட்டும் வெளிப்புற மோடம்தான் நல்லது. கணினிக்குள் செருகும் ‘வின்மோடம்’ பாதி வேலையை டிரைவர் தலையில் கட்டிவிடும், லினக்ஸில் பாடாய்ப்படுத்தும். மோடத்துக்குக் கட்டளை தட்ட ஒரு டெர்மினல் மென்பொருள் வேண்டும். அதில் நான் மினிகாம் கட்சி. இன்னொன்றான புட்டியில் கோப்பு அனுப்ப வழியில்லை. இருபுறமும் வேகம் விநாடிக்கு 115200 பிட், அமைப்பு 8-என்-1 (8 தரவு பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட்).

தொலைபேசி ஒயரின் இரு முனைகளையும் மோடம்களின் ‘லைன்’ துளையில் செருகுங்கள். பக்கத்திலேயே அதே அச்சில் ‘ஃபோன்’ துளை இருக்கும், அது வேண்டாம்.

நான் சறுக்கியது இதற்குப் பிறகுதான். ஒரு முனையில் ‘ஏடிடி’ (டயல் செய்யும் கட்டளை) என்று தட்டினால் ‘நோ டயல்டோன்’ என்றே வந்தது. ஒயரை மாற்றினேன், மோடத்தை மாற்றினேன். கோளாறு எதிலும் இல்லை. டயல்டோன் தருவது எக்ஸ்சேஞ்ச். இங்கே அதுவே இல்லையே! ‘ஏடிஎக்ஸ்1டி’ கொடுத்தால் மோடம் டோனுக்குக் காத்திராது. (கட்டளைகளை ஆங்கில எழுத்துகளில் தட்டுங்கள்.) மணியடிப்பதும் எக்ஸ்சேஞ்ச்தான் என்பதால் ‘எஸ்0=1’ (முதல் மணிக்கே எடு) என்று அமைத்தாலும் மறுமுனை தானாக எடுக்காது. அங்கே உடனே ‘ஏடிஏ’ என்று கையால் தட்டவேண்டும். அந்தப் பழைய கீச்சொலி கேட்கும், பிறகு ‘கனெக்ட்’.

சில மோடம்கள் லைனில் மின்னோட்டம் இல்லாவிட்டால் அசையாது. ஒயரின் இரு கம்பிகளில் ஒன்றை வெட்டி, இடையில் 9 வோல்ட் பேட்டரியையும் 300 ஓம் ரெசிஸ்டரையும் தொடராக இணையுங்கள். இந்த ஒயரை உண்மையான தொலைபேசி இணைப்பில் ஒருபோதும் மாட்டாதீர்கள்.

பெட்டியில் 56கே என்று அச்சிட்டிருந்தாலும் கிடைப்பது அதிகபட்சம் 33.6கே (விநாடிக்கு 33.6 கிலோபிட்). 56கே வேண்டுமானால் ஒரு முனை இணையச் சேவையாளரிடம் இருப்பதுபோல டிஜிட்டலாக இருக்கவேண்டும். இசட்மோடம் என்ற கோப்பு அனுப்பும் முறையில் 1 எம்பி ஜிப் கோப்பு அனுப்ப நான்கு நிமிடத்துக்கு மேலாகும்.

பின்சேர்க்கை: செய்து பார்த்த இருவருக்குச் சந்தேகம். ‘கனெக்ட் 115200’ என்று வந்தால் துள்ளாதீர்கள். அது கணினிக்கும் மோடத்துக்கும் இடையிலான வேகம். தட்டுவது உங்கள் திரையில் தெரியாமல் எதிர்த்திரையில் மட்டும் தெரிந்தால், மினிகாமில் கண்ட்ரோல்-ஏ, பிறகு ஈ. துண்டிக்க: ஒரு விநாடி சும்மா இருந்து, மூன்று கூட்டல் குறி, மறுபடி ஒரு விநாடி, ‘ஏடிஹெச்’. கூட்டல் குறிகளுக்குப் பின் என்டர் தட்டக்கூடாது.