கடைக்கோடி வீட்டிலிருந்து தொடங்குங்கள்: சிற்றூர்க் குடிநீர்க் குழாய் அமைப்பு

குடிநீர்க் குழாய்க்கு வரைபடம் போடும்போது பலரும் பென்சிலைத் தொட்டியில் வைத்துத் தொடங்குவார்கள். நான் கடைக்கோடி வீட்டில் வைப்பேன். தொட்டியடியில் இருப்பவருக்கு எப்படிப் போட்டாலும் தண்ணீர் வந்துவிடும். ஊரின் மறுமுனையில், மேட்டில் இருப்பவருக்கும் குடம் நிரம்ப வேண்டும்.

முதல் வேலை மட்டம் பார்ப்பது. கருவி இல்லாவிட்டால் உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் குழாயும் இரண்டு அளவுகோல்களும் போதும். குழாயில் நீரை நிரப்பி இரு முனைகளையும் அருகருகே பிடியுங்கள். இரண்டிலும் நீர் ஒரே உயரத்தில் நின்றால் அளக்கத் தொடங்கலாம். நிற்கவில்லை என்றால் நடுவில் எங்கோ காற்றுக்குமிழி சிக்கியிருக்கிறது. விரலால் தட்டித் தட்டி அதை வெளியேற்றுங்கள். அந்தக் குமிழியோடு அளந்தால் ஊர் முழுவதற்கும் மட்டம் தவறிவிடும். மிக உயர்ந்த வாசல், மிகத் தாழ்ந்த வாசல், மிகத் தொலைவான வாசல் மூன்றையும் விடாதீர்கள்.

அடுத்தது தேவை. வருங்கால வளர்ச்சியையும் சேர்த்து 900 பேர் என்று கொள்வோம். ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர், கசிவுக்கு 10 சதவீதம் கூடுதல்: ஏறத்தாழ 55,000 லிட்டர். 24 மணி நேரத்துக்குப் பரப்பினால் நொடிக்கு 0.64 லிட்டர்தான். ஆனால் காலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் குழாயைத் திறப்பார்கள். அதனால் மூன்று மடங்கு, அதாவது நொடிக்கு 1.9 லிட்டர் போக வேண்டும். ஊற்று அல்லது கிணறு கோடையிலும் அன்றாடத் தேவையைத் தருமா என்பதைக் கோடையிலேயே அளந்து பாருங்கள். மழைக்காலத்து அளவை நம்பவே கூடாது.

இப்போது குழாயின் விட்டம். இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும். தொட்டியின் அடிமட்டம் கடைசி வாசலைவிட 12 மீட்டர் உயரம். தூரம் 900 மீட்டர். கடைசிக் குழாயில் குறைந்தது 7 மீட்டர் அழுத்தம் (7 மீட்டர் உயர நீர் தரும் அழுத்தம்) மிஞ்ச வேண்டும் என்பது நான் விட்டுக்கொடுக்காத அளவு. ஆக, உராய்வில் இழக்க 5 மீட்டர்தான் கையில் இருக்கிறது. முதல் 500 மீட்டரில் முழு நீரும் ஓடுகிறது; பிறகு கிளைகள் பிரிந்து பாதியாகிறது. வழி நெடுக 63 மி.மீ. பிளாஸ்டிக் குழாய் போட்டால் முதல் பகுதியில் சுமார் 5.5 மீட்டர், இரண்டாம் பகுதியில் 1.2 மீட்டர் போய்விடும். போதாது. முதல் பகுதியை மட்டும் 75 மி.மீ. ஆக்குங்கள்: இழப்பு 2.3 மீட்டராகக் குறைகிறது. வளைவுகளுக்கும் வால்வுகளுக்கும் கொஞ்சம் சேர்த்தாலும் மொத்தம் 4 மீட்டர். கடைக்கோடியில் 8 மீட்டர் நிற்கிறது.

குழாயில் அச்சிட்டிருக்கும் 63, 75 எல்லாம் வெளிவிட்டம். கணக்குக்கு உள்விட்டம்தான் வேண்டும். மேலே நான் எடுத்துக்கொண்டவை 57, 68 மி.மீ. அதே நீரைப் பாதி விட்டத்தில் செலுத்தினால் உராய்வு ஏறத்தாழ 30 மடங்காகிறது. விலையைக் குறைக்க ஓர் அளவு கீழே இறங்கச் சொல்பவர்களிடம் இந்த ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்.

தாழ்ந்த வாசலுக்கு வேறு கவலை. இரவில் எல்லாக் குழாய்களும் மூடியிருக்கும்போது உராய்வு இழப்பே இல்லை. முழு உயரமும் அங்கே அழுத்தமாக இறங்கும். தாங்குதிறன் 6 கிலோ (சதுர சென்டிமீட்டருக்கு) என்று குறித்த குழாய் ஏறத்தாழ 60 மீட்டர் வரை தாங்கும். மலைச்சரிவில் அதை மிஞ்சினால் இடையில் அழுத்தத்தைக் குறைக்கும் சிறு தொட்டி கட்ட வேண்டும்.

மேடுகளில் காற்றை வெளியேற்றும் ஏர் வால்வு, பள்ளங்களில் வண்டல் வெளியேற்றும் வால்வு, ஒவ்வொரு கிளையின் தொடக்கத்திலும் அடைப்பு வால்வு. தொட்டி அரை நாள் தேவையையாவது கொள்ள வேண்டும்.

சாக்கடைக்கு அடியில் குழாயைக் கொண்டுபோகவே வேண்டாம். நீர் நின்ற நேரத்தில் குழாய்க்குள் வெற்றிடம் உண்டாகி, சிறு விரிசல் வழியே வெளியிலிருக்கும் அழுக்கை உறிஞ்சிக்கொள்ளும். குழந்தைகள் குடிக்கும் தண்ணீர் இது. நாள் முழுவதும் குழாயில் அழுத்தம் இருக்கும்படி அமைக்க முடிந்தால் அதற்காகக் கூடுதல் செலவு செய்யலாம்.

பள்ளத்தை முழுவதும் மூடுமுன் நீரை நிரப்பி அழுத்தச் சோதனை செய்யுங்கள். இணைப்புகள் இருக்கும் இடங்களை மட்டும் மண் மூடாமல் விட்டு, ஒவ்வொன்றையும் கையால் தடவிப் பாருங்கள். பிறகு குளோரின் கலந்து, கடைக்கோடிக் குழாயில் சோதியுங்கள். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது எஞ்சியிருக்க வேண்டும். இல்லையென்றால் தொட்டியில் கலக்கும் அளவைச் சற்றுக் கூட்டி, மறுநாளும் அதே குழாயில் சோதியுங்கள்.