சிரோசிஸ் ஃபைலில் உள்ள ஹார்மோன் ரிப்போர்ட்டைப் படிப்பது எப்படி?

சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறிச் சுருங்கும் நோய்) உள்ளவரின் ஃபைலில் டி3 (தைராய்டு ஹார்மோன்), கார்டிசால் (அட்ரீனல் சுரப்பியின் ஹார்மோன்), டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்) என்று ஒவ்வொன்றாக வந்து சேரும். பாதிக்குப் பக்கத்தில் 'குறைவு' என்று குறி போட்டிருக்கும். அதை இணையத்தில் தேடினால் ஆயுள் கணக்கில் போய் முடியும், தூக்கம் போய்விடும். அப்பாவின் ஃபைலை வைத்துக்கொண்டு நான் படித்துப் பழகிய வரிசையை இங்கே தருகிறேன். மருந்தை மாற்ற இது உதவாது, டாக்டரிடம் சரியான கேள்வி கேட்க உதவும்.

படி 1: முதலில் மெல்ட்

ஹார்மோன் தாளை ஓரமாக வைத்துவிட்டு, ஒரே நாளில் எடுத்த பிலிருபின் (மஞ்சள் காமாலை நிறமி), ஐஎன்ஆர் (ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டுவது), கிரியாட்டினின் (சிறுநீரக நிலையைக் காட்டுவது), சோடியம் நான்கையும் எடுத்து, கல்லீரல் நோயின் தீவிரத்தைக் காட்டும் மெல்ட் ஸ்கோர் போடுங்கள். 6 முதல் 40 வரை வரும். அடுத்த மூன்று மாதத்துக்கான ஆபத்தைச் சொல்லும் எண் அது. கல்லீரல் நோய்க்கான இன்னொரு கணக்கான சைல்ட்-பியூ ஸ்கோரும் நல்லதுதான், ஆனால் வயிற்று நீரையும் மனக்குழப்பத்தையும் பார்ப்பவர் தன் கணிப்பில்தான் தரம் பிரிக்கிறார், ஆளுக்கு ஆள் மாறும். என் ஓட்டு மெல்டுக்கே, அதிலும் பெண் நோயாளி என்றால் ஆல்புமினையும் (கல்லீரல் செய்யும் ரத்தப் புரதம்) பாலினத்தையும் சேர்த்துக்கொள்ளும் புதிய கணக்கான மெல்ட் 3.0. லேப் மைக்ரோமோல் அளவில் கொடுத்திருந்தால், மில்லிகிராம் கணக்குக்கு மாற்ற, பிலிருபினை 17.1 ஆலும் கிரியாட்டினினை 88.4 ஆலும் வகுத்துக்கொள்ளுங்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவருக்கு ஐஎன்ஆர் மருந்தால் ஏறியிருக்கும், ஸ்கோரும் பொய்யாக ஏறும்.

படி 2: மொத்தமா, ஃப்ரீயா?

எல்லாக் குழப்பமும் இங்கேதான், நிதானமாகப் படியுங்கள். இந்த ஹார்மோன்களில் பெரும்பங்கு ரத்தத்தில் புரதங்களோடு ஒட்டிக்கொண்டுதான் போகும், ஒட்டாமல் மிஞ்சும் சிறு பங்குதான் (அதைத்தான் ஃப்ரீ என்பார்கள்) வேலை செய்யும். அந்தப் புரதங்களைச் செய்வது கல்லீரல். கல்லீரல் கெட்டால் புரதக் கணக்கு மாறும், மொத்த அளவும் கூடவே மாறும், ஆனால் ஹார்மோனுக்கு ஹார்மோன் வேறு திசையில்.

கார்டிசாலைச் சுமக்கும் புரதமும் ஆல்புமினும் குறைவதால், ஃப்ரீ பங்கு போதுமான அளவு இருந்தாலும் மொத்தக் கார்டிசால் குறைவாகத் தெரியும், அட்ரீனல் சுரப்பியே படுத்துவிட்டதோ என்று பயமுறுத்தும். டெஸ்டோஸ்டிரோனுக்கு நேர் எதிர். அதைப் பிடித்து வைக்கும் எஸ்எச்பிஜி என்ற புரதம் சிரோசிஸில் பெரும்பாலும் கூடும், அதனால் மொத்த அளவு 'நார்மல்' என்று வந்தாலும் ஃப்ரீ குறைந்திருக்கலாம்.

ஃப்ரீ டெஸ்டோஸ்டிரோனைக் கணக்கிடும் கால்குலேட்டர்களில் ஆல்புமின் கட்டத்தில் 4.3 (கிராம்/டெசிலிட்டர்) என்று முன்கூட்டியே போட்டிருக்கும். நோயாளிக்கு 2.6 இருக்கும்போது அதை அப்படியே விட்டால் வருகிற விடை வேறு யாருக்கோ சொந்தமானது. அந்தக் கட்டத்தை அழித்துவிட்டு ரிப்போர்ட்டில் உள்ள எண்ணைப் போடுங்கள். தைராய்டுக்கு மொத்த டி3, டி4 (டி3 ஆக மாறும் தைராய்டு ஹார்மோன்) வேண்டாம், டிஎஸ்எச்சோடு (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) ஃப்ரீ டி3, ஃப்ரீ டி4 கேளுங்கள்.

படி 3: எப்போது, எந்த மருந்தோடு?

கார்டிசாலும் டெஸ்டோஸ்டிரோனும் காலை ரத்தத்தில் பார்க்க வேண்டியவை. கல்லீரல் ரத்தக்குழாய் அழுத்தத்தைக் குறைக்கத் தரும் ப்ரோப்ரனோலால், டி4 டி3 ஆக மாறுவதைக் கொஞ்சம் தடுக்கும். வயிற்று நீர் வடியத் தரும் ஸ்பைரோனோலாக்டோன் சாப்பிடும்போது எடுத்த ரெனின், ஆல்டோஸ்டிரோன் (உடலின் உப்பு, நீர்ச் சமநிலையைக் காப்பவை) அளவுகளை வைத்து எதையும் முடிவு கட்டாதீர்கள்.

படி 4: சரி, இப்போது பொருள் பார்ப்போம்

டி4ஐ டி3 ஆக மாற்றுவதில் கல்லீரலுக்குப் பெரிய பங்கு உண்டு, அதனால் நோய் முற்ற முற்ற ஃப்ரீ டி3 இறங்கும். ஐஜிஎஃப்-1 என்ற வளர்ச்சி ஹார்மோன் பெரும்பாலும் கல்லீரலிலேயே உருவாவது, அதுவும் இறங்கும் (வயதுக்கு ஏற்ற அளவோடு ஒப்பிடுங்கள்). ஆண்களில் குறைந்த டெஸ்டோஸ்டிரோன் தசை இழப்போடு சேர்ந்தே வரும். இவை குறைந்தவர்களுக்கு நோயின் போக்கு மோசமாக இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. கோபெப்டின் (நீரைப் பிடித்து வைக்கும் ஹார்மோனோடு சேர்ந்து வெளியாகும் துண்டு) மட்டும் தலைகீழ், கூடினால்தான் கவலை. உடல் நீரைப் பிடித்து வைக்கத் தவிப்பதை அது காட்டும், சோடியம் குறைவதும் அதே கதைதான்.

ஆனால் எண்ணை ஏற்றிவிட்டால் ஆள் தேறிவிடுவார் என்று கணக்குப் போடாதீர்கள். டிஎஸ்எச் நார்மலாக, டி3 மட்டும் குறைவாக இருந்தால் அது பெரும்பாலும் தைராய்டு நோயே இல்லை, கல்லீரல் நோயின் களைப்பு. தைராய்டு மாத்திரை அதற்கு மருந்தாகாது.

பின்சேர்க்கை: டிஎஸ்எச் மிகக் குறைவு, ஃப்ரீ டி4 மிக அதிகம் என்று வந்ததாக ஒருவர் எழுதியிருந்தார். முடிக்காகப் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடுகிறாரா என்று முதலில் பாருங்கள், பல லேப்களின் டெஸ்ட் முறையை அது குழப்பும். டாக்டரிடம் கேட்டு, குறைந்தது இரண்டு நாள் நிறுத்திவிட்டு மறுபடி எடுங்கள்.

இன்னொருவர் எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் டெஸ்ட்) பற்றிக் கேட்டார். மண்ணீரல் வீங்கி சிவப்பணுக்கள் சீக்கிரம் அழிவதால் அது உள்ளதைவிடக் குறைவாகவே காட்டும், ரத்தம் ஏற்றியிருந்தால் இன்னும் மோசம். சர்க்கரைக்கு நேரடி ரத்த அளவுகளையே நம்புங்கள். மருத்துவமனையில் கிருமித்தொற்றோடு படுத்திருந்தபோது எடுத்த ஹார்மோன் எண்களையும் இதே போல ஒதுக்கி வையுங்கள், உடம்பு நிலைக்கு வந்து சில வாரம் கழித்து எடுப்பதைத்தான் பழையதோடு ஒப்பிட முடியும்.