லீஸ் மின்சாரக் காரில் தினசரிப் பயணம்: எந்த எண்ணைப் பார்ப்பது?

நான் செவிலியர். மாதத்தில் 18 நாள் பணி, அதில் பாதிக்கு மேல் இரவுப் பணி. வீட்டுக்கும் மருத்துவமனைக்கும் 34 கிலோமீட்டர், போக வர 68. மூன்று ஆண்டு லீஸில் எடுத்த மின்சாரக் காரில்தான் போய் வந்தேன். போன மாதம் அதைத் திருப்பிக் கொடுத்தேன். இத்தனை நாளில் ஒருமுறைகூடச் சார்ஜ் தீர்ந்து வழியில் நின்றதில்லை. ஆனாலும் முதல் ஒன்பது மாதம் திரையில் பேட்டரி சதவீதத்தையே பார்த்துப் பார்த்துப் பதறினேன். லீஸ் காரில் கவலைப்பட வேண்டிய எண் வேறு. அது வண்டி இதுவரை ஓடிய மொத்தக் கிலோமீட்டர்.

கையெழுத்துப் போடும் முன்

லீஸ் தவணை எப்படி வருகிறது என்று முதலில் புரிந்துகொள்ளுங்கள். காரின் இன்றைய விலையிலிருந்து, காலம் முடியும்போது அது எவ்வளவுக்குப் போகும் என்று அவர்கள் போடும் மதிப்பைக் கழிக்கிறார்கள். மீதியையும் வட்டியையும் மாதங்களுக்குப் பங்கிட்டால் தவணை. அதிகம் ஓடிய கார் குறைந்த விலைக்குப் போகும். அதனால்தான் ஒப்பந்தத்தில் கிலோமீட்டர் வரம்பு வைக்கிறார்கள். வரம்பைத் தாண்டினால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் தனிக் கட்டணம். குறைவாக ஓட்டினால் பெரும்பாலும் எதுவும் திரும்பி வராது.

நான் போட்ட கணக்கு இது: 68 கிலோமீட்டர், 18 நாள், மாதம் 1,224. ஆண்டுக்கு 14,688. சரி, 15,000 போதும் என்று மூன்று ஆண்டுக்கு 45,000-க்கு ஒப்பந்தம் போட்டேன். அம்மா வீட்டைக் கணக்கில் சேர்க்கவில்லை. மாதம் இரண்டு தடவை போவேன், ஒரு வழி 55 கிலோமீட்டர். அதிலேயே 220 போயிற்று. கடைக்கு, மகளின் நீச்சல் வகுப்புக்கு என்று இன்னும் நூற்றுச் சொச்சம். ஒன்பதாம் மாத முடிவில் 11,250 இருக்க வேண்டிய மீட்டரில் 14,040 இருந்தது. அப்படியே ஓட்டியிருந்தால் கடைசியில் 11,000 கிலோமீட்டருக்கு மேல் அபராதம் கட்டியிருப்பேன்.

நல்லவேளையாக, வரம்பை நடுவில் மாற்ற என் ஒப்பந்தத்தில் இடம் இருந்தது. மூன்று ஆண்டுக்கு 57,000 என்று மாற்றிக்கொண்டேன். மாதத் தவணை கூடியது, ஆனால் கடைசியில் மொத்தமாகக் கட்டுவதைவிட அது குறைவு. அப்படி மாற்றலாமா, எத்தனை தடவை மாற்றலாம் என்பதைக் கையெழுத்துப் போடும் முன்பே கேளுங்கள். அப்புறம், தவணை போகும் நாளில் மாதாமாதம் மீட்டரைப் படம் எடுத்து வையுங்கள். 57,000-ஐ 36 மாதத்துக்குப் பங்கிட்டால் எனக்கு மாதம் 1,583 கிலோமீட்டர் என்று வந்தது. அந்த எண்ணைச் சமையலறைக் கதவின் உட்பக்கம் ஒட்டி வைத்திருந்தேன். அதற்குப் பிறகு மனது நிம்மதியாக இருந்தது.

இன்னும் இரண்டு கேள்விகள். கார் விபத்தில் முழுதாக நாசமானால் காப்பீடு பெரும்பாலும் அன்றைய சந்தை மதிப்பைத்தான் தரும். லீஸில் பாக்கி அதைவிடக் கூடுதலாக இருந்தால் அந்த இடைவெளி யார் தலையில் விழும்? அதற்கென்று தனிக் காப்பீடு உண்டு, விசாரியுங்கள். கையிலிருக்கும் காப்பீட்டில் பேட்டரியும் சார்ஜிங் கேபிளும் சேர்த்தியா என்றும் பாருங்கள். இரண்டாவது, காலம் முடிந்ததும் காரை நீங்களே வாங்கிக்கொள்ளலாமா? 1996-இல் வந்த ஜெனரல் மோட்டார்ஸ் இ.வி.1 என்ற மின்சாரக் கார் லீஸுக்கு மட்டும்தான் கிடைத்தது. ஓட்டியவர்கள் விலைக்குக் கேட்டும் கொடுக்காமல் திரும்பப் பெற்று, பெரும்பாலான வண்டிகளை நொறுக்கிவிட்டார்கள். பழகிய வண்டியைப் பிரிவது சிரமம். வழி இருக்கிறதா என்று முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

இருந்தும் மின்சாரக் காருக்கு லீஸ் நல்ல வழி என்றே நினைக்கிறேன். பேட்டரித் தொழில்நுட்பம் வேகமாக மாறுகிறது, பழைய மாடலின் விலை சட்டென்று இறங்குகிறது. ஒப்பந்தத்தில் போட்ட மதிப்பைவிடக் கீழே இறங்கினால் அந்த இழப்பைப் பெரும்பாலும் லீஸ் கொடுத்தவர் சுமக்கிறார்.

வீட்டில் சார்ஜ் ஏற்றுவது

என் காரில் 50 யூனிட் பேட்டரி. ஊருக்குள் 100 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 15 யூனிட் குடிக்கும். ஒரு நாள் பணிக்குப் போய்வர 10 யூனிட். 230 வோல்ட் உள்ள வீட்டில் சாதாரணப் பிளக்கில் 10 ஆம்பியர் வைத்து ஏற்றினால் மணிக்கு 2.3 யூனிட் இழுக்கும். வழியில் பத்துப் பதினைந்து சதவீதம் வீணாகும், ஆக பேட்டரிக்குள் இரண்டு யூனிட் போகிறது என்று வையுங்கள். ஐந்து மணி நேரத்தில் ஒரு நாள் பயணம் திரும்ப ஏறிவிடும். இரவுப் பணி முடிந்து காலையில் வந்து பிளக்கை மாட்டிவிட்டுப் படுப்பேன். நான் எழும்போது வண்டி தயாராக இருக்கும். அதனால் சுவரில் மாட்டும் 7.4 கிலோவாட் சார்ஜரை உடனே வாங்க வேண்டாம். ஒரு மாதம் சாதாரணப் பிளக்கில் ஓட்டிப் பாருங்கள். நாளொன்றுக்கு 150 கிலோமீட்டர் போகிறவருக்கு அது தேவைப்படும். எனக்குத் தேவைப்படவில்லை.

ஆனால் அந்தச் சாதாரணப் பிளக் விஷயத்தில் கொஞ்சமும் அலட்சியம் கூடாது. மூன்றாவது வாரம் ஒருநாள் பிளக்கைக் கழற்றப் போனேன், கை வைக்க முடியாத சூடு. எலெக்ட்ரீஷியன் கழற்றிக் காட்டினார்: உள்ளே ஒரு திருகு தளர்ந்து, பிளாஸ்டிக் கருகியிருந்தது. தண்ணீர் சூடாக்கும் கெட்டில் ஐந்து நிமிடம் ஓடி நின்றுவிடும். கார் மணிக்கணக்கில் ஒரே அளவு கரண்ட் இழுக்கும், தளர்ந்த இணைப்பு அதைத் தாங்காது. அதன் பிறகு போர்டிலிருந்து தனி வயர், தனி பிரேக்கர், புது சாக்கெட், சரியான எர்த் என்று எல்லாவற்றையும் மாற்றினோம். முதல் தடவை ஏற்றும்போது ஒரு மணி நேரம் கழித்துப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை, அதற்கு மேல் போனால் உடனே நிறுத்துங்கள். எக்ஸ்டென்ஷன் வயரில் ஒருநாளும் ஏற்றாதீர்கள்.

80-ஆ, 100-ஆ? இது பேட்டரியின் வகையைப் பொறுத்தது. நிக்கல் கலந்த என்.எம்.சி. வகை என்றால் தினசரிக்கு 80 சதவீதத்தோடு நிறுத்துங்கள். நீண்ட பயணத்துக்கு முந்தைய இரவு மட்டும் 100. இரும்பு பாஸ்பேட் கலந்த எல்.எஃப்.பி. வகையில் 100 வரை ஏற்றுவது பெரிய கெடுதல் இல்லை. சொல்லப்போனால் வாரம் ஒருமுறை முழுதாக ஏற்றச் சொல்லும் நிறுவனங்களும் உண்டு. அந்த வகையில் சார்ஜ் குறையும்போதும் வோல்ட்டேஜ் பெரிதாக மாறாது. எவ்வளவு மீதி என்று கணக்கிடக் காரே திணறும். முழுதாக ஏற்றினால் கணக்கு நேராகிவிடும். உங்களுடையது எது என்று கையேட்டில் பாருங்கள். எந்த வகையாக இருந்தாலும் 100 சதவீதத்தில் வெயிலில் நாள்கணக்கில் நிறுத்தி வைக்காதீர்கள். மூன்று ஆண்டில் திருப்பிக் கொடுக்கும் காருக்கு இவ்வளவு எதற்கு என்று தோழி கேட்டாள். எனக்கு அடுத்து அதை ஓட்டப்போகிறவரும் என்னைப்போல யாரோ ஒருவர்தானே.

சாலையில்

மீதி எவ்வளவு தூரம் போகும் என்று திரை காட்டும் எண்ணை நம்பாதீர்கள். கடைசியாக எப்படி ஓட்டினீர்களோ அதை வைத்துப் போடும் ஊகம் அது. நேற்று நெடுஞ்சாலையில் விரட்டியிருந்தால் இன்று குறைத்துக் காட்டும். இரண்டு வாரம் குறித்து வைத்து உங்கள் காரின் கணக்கைக் கண்டுபிடியுங்கள். எனக்கு ஊருக்குள் ஒரு சதவீதத்துக்கு மூன்று கிலோமீட்டர், நெடுஞ்சாலையில் இரண்டரை. இந்த இரண்டு எண்கள் தெரிந்த பிறகு பயமே போய்விட்டது.

வேகம்தான் சார்ஜைத் தின்னும். 80-இலிருந்து 110-க்கு ஏறினால் காற்றின் எதிர்ப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகும். எனக்கு 15 யூனிட் 20 ஆகிவிடும். மாறாக, நெரிசலில் மாட்டிக்கொண்டால் பயப்பட வேண்டியதில்லை. நின்ற வண்டியில் மோட்டார் எதுவும் இழுக்காது, கேபின் ஒருமுறை குளிர்ந்த பிறகு என் காரில் ஏ.சி. மணிக்கு ஒரு யூனிட்டுக்குள் அடங்கும். குளிர்காலச் சூடேற்றி அதைவிடக் கூடுதலாக இழுக்கும். பேட்டரியும் குளிரில் சுணங்கும். அதற்கு நல்ல வழி, கிளம்புவதற்கு இருபது நிமிடம் முன்னால் பிளக் மாட்டியபடியே காரைச் சூடாக்குவது. கோடையில் குளிர வைப்பதும் அப்படியே. அந்தச் செலவு பெரும்பாலும் வீட்டுக் கரண்டில் போகும், பேட்டரியில் அதிகம் கை வைக்காது.

ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் கார் தானே வேகம் குறைந்து, அந்த ஆற்றலைப் பேட்டரிக்குத் திருப்பும். இரண்டு நாளில் பழகிவிடும். ஆனால் பேட்டரி 100 சதவீதத்திலோ மிகுந்த குளிரிலோ இருக்கும்போது அந்த ஆற்றலை அதனால் அதிகம் வாங்க முடியாது. காலை எடுத்தாலும் வண்டி வேகம் குறையாமல் உருண்டுகொண்டே போகலாம். முதல் தடவை சரிவில் எனக்கு அப்படி ஆனபோது நெஞ்சு பதறியது. பிரேக் மிதியில் கால் தயாராக இருக்கட்டும். அந்தப் பிரேக்கும் அதிகம் பயன்படாததால் டிஸ்க்கில் துரு பிடிக்கும். வாரம் ஒருமுறை, பின்னால் யாரும் வராத இடத்தில் நன்றாக அழுத்திப் பிரேக் போடுங்கள்.

டயர் சீக்கிரம் தேயும். பேட்டரி எடை ஒரு காரணம், நின்ற இடத்திலிருந்தே பாயும் மோட்டாரின் இழுவை இன்னொரு காரணம். மாதம் ஒருமுறை காற்றைச் சரிபாருங்கள். மாற்றும்போது அதே எடை தாங்கும் டயர்தானா என்று பக்கவாட்டு எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

பெரிய பேட்டரியில் சார்ஜ் நிறைய இருந்தும் கார் உயிரில்லாமல் கிடக்கலாம். பத்து நாள் விடுமுறை முடிந்து வந்தபோது எனக்கு அது நடந்தது. கதவே திறக்கவில்லை. உள்ளே இருக்கும் சின்ன 12 வோல்ட் பேட்டரி இறங்கியிருந்தது. அதுதான் பூட்டு, திரை, கணினி எல்லாவற்றையும் எழுப்புகிறது. சாவிக்குள் ஒளிந்திருக்கும் இரும்புச் சாவியை எப்படி எடுப்பது, எந்தத் துளையில் போடுவது என்பதை இன்றைக்கே பழகி வையுங்கள். ஊரில் இல்லாதபோது கைப்பேசிச் செயலியில் அடிக்கடி காரைத் தட்டி எழுப்பிப் பார்ப்பதையும் விட்டுவிடுங்கள்.

வெளியே வேகச் சார்ஜரைத் தினமும் நாட வேண்டியதில்லை, வீட்டில் வசதி இருந்தால். எப்போதாவது போனால் 80 சதவீதத்தோடு கிளம்புங்கள். அதற்கு மேல் ஏறும் வேகம் வெகுவாகக் குறையும், பின்னால் நிற்பவருக்கும் நேரம் வீண். ஓர் இரவு 14 சதவீதத்தோடு ஒரு நிலையத்துக்குப் போனேன், இயந்திரம் செத்துக் கிடந்தது. அடுத்தது 9 கிலோமீட்டரில் இருந்ததால் தப்பினேன். இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் செயலிகளும், மாற்று நிலையத்துக்குப் போகும் அளவு சார்ஜும் எப்போதும் கையில் இருக்கட்டும்.

திருப்பிக் கொடுக்கும்போது

மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள். நியாயமான தேய்மானம் எது, சேதம் எது என்று நிறுவனம் எழுதி வைத்திருக்கும் குறிப்பைக் கேட்டு வாங்குங்கள். சக்கர விளிம்பில் நடைபாதைக் கல் உரசிய கீறல், முன்கண்ணாடியில் கல் தெறித்த புள்ளி, டயரின் பள்ளம் குறைந்திருப்பது, இவற்றுக்குத்தான் அதிகமாகப் பிடிப்பார்கள். வெளியில் சரிசெய்வது மலிவா, அவர்களிடமே விடுவது மலிவா என்று விசாரியுங்கள். எடுத்த முதல் நாளில் நான்கு பக்கமும் படம் எடுத்து வைத்தவருக்கு இந்த இடத்தில் பேச வாய் இருக்கும். டேஷ்போர்டில் துளை போட்டு எதையும் மாட்டாதீர்கள்.

கூடவே வந்த பொருள்களைத் தேடி எடுங்கள்: இரண்டு சாவி, சார்ஜிங் கேபிள்கள், பஞ்சர் பெட்டி, சர்வீஸ் பதிவுகள். கேபிள் விலை உயர்ந்த பொருள், தொலைந்தால் முழு விலையும் கட்ட வேண்டிவரும்.

காருக்குள் உங்கள் வீட்டு முகவரி, பணியிடம், தொலைபேசி எண்கள் எல்லாம் கிடக்கும். எல்லாவற்றையும் அழித்து, திரையைத் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுபோங்கள். செயலியிலிருந்தும் காரை நீக்குங்கள். இல்லாவிட்டால் அடுத்தவர் எங்கே போகிறார் என்பது உங்கள் கைப்பேசியில் தெரியும், அவருக்கு அது தெரியவே தெரியாது.

எடுத்துச் செல்ல வருபவர் முன்னிலையில் மீட்டரையும் காரையும் மறுபடி படம் எடுங்கள். ஒப்படைத்த தாளில் கிலோமீட்டர், கேபிள், சாவி எண்ணிக்கை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அந்தத் தாள் கைக்கு வரும்வரை காப்பீட்டை நிறுத்தாதீர்கள்.