பழைய கேம்பர் வேனின் பின்பக்கம் தாழ்ந்துவிட்டதா? கமான் பட்டையை நாமே மாற்றலாம்

பக்கவாட்டில் நின்று பார்த்தால் வேனின் முன்பக்கம் தூக்கலாகவும் பின்பக்கம் அமுங்கியும் தெரிகிறதா? பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் பின்னாலிருந்து ‘டொக்’ என்று சத்தமும் வருகிறதா? அப்படியானால் கமான் பட்டை, அதாவது வளைந்த எஃகுத் தகடுகளாலான லீஃப் ஸ்பிரிங், தளர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். சரக்கு வண்டிக்காவது லோடு இறக்கினால் ஓய்வு உண்டு. கேம்பர் வேனில் கட்டில், அலமாரி, தண்ணீர்த் தொட்டி, பேட்டரி எல்லாம் வண்டி சும்மா நிற்கும்போதும் பட்டையின் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன.

உடனே எதையும் வாங்கிவிடாதீர்கள். நான் முதலில் ஷாக் அப்சார்பரை மாற்றினேன், வண்டி கொஞ்சம்கூட எழும்பவில்லை. ஷாக்கின் வேலை ஆட்டத்தை அடக்குவது, உயரத்தைத் தாங்குவது பட்டைதான்.

முதலில் எடை. பயணம் போகும்போது இருக்கிற அத்தனை சாமானோடும் ஆட்களோடும் எடைமேடைக்குப் போய், பின் ஆக்ஸில் (பின் சக்கரங்களின் அச்சு) எடையைத் தனியாகப் பாருங்கள். 100 லிட்டர் தண்ணீர் என்றாலே 100 கிலோ, அந்தத் தொட்டி பின் சக்கரத்துக்கும் பின்னால் இருந்தால் நெம்புகோல் மாதிரி முன்பக்கத்தைத் தூக்கி, ஆக்ஸில் மேல் 100 கிலோவுக்கும் அதிகமாகவே ஏற்றும். வண்டியின் தகட்டில் உள்ள பின் ஆக்ஸில் எடை அளவைத் தாண்டியிருந்தால் சாமானைக் குறைப்பதுதான் வைத்தியம். காற்றுப்பையோ கூடுதல் பட்டையோ போட்டால் உயரம் வரும், ஆனால் ஆக்ஸில், டயர், பிரேக்கின் தாங்குதிறன் கூடாது.

அடுத்து அளவு. சமதளத்தில் நிறுத்தி, டயரில் சரியான காற்று வைத்து, சக்கரத்தின் நடுவிலிருந்து மேலே உள்ள வளைவு விளிம்பு வரை இரண்டு பக்கமும் அளந்து எழுதி வையுங்கள். ஒரு பக்கம் மட்டும் தாழ்ந்திருந்தால் அந்தப் பக்கப் பட்டை உடைந்திருக்கலாம். டார்ச் அடித்து, கம்பி பிரஷால் துருவைத் தேய்த்துவிட்டுப் பாருங்கள், விரிசல் மயிரிழை போலத்தான் தொடங்கும். ஆக்ஸில் மேலே மோதாமல் தடுக்கும் ரப்பர் கட்டையான பம்ப் ஸ்டாப் பளபளவென்று தேய்ந்திருந்தால் ஆக்ஸில் அதில் இடித்துக்கொண்டிருக்கிறது.

விரிசலோ கடும் துருவோ இருந்தால் இரண்டு பக்கமும் ஜோடியாகப் புதுப் பட்டைதான். நல்ல பட்டை வளைவு மட்டும் இழந்திருந்தால் பட்டறையில் மறுபடி வளைத்து வாங்கலாம், ஆனால் பழைய வண்டிக்குப் புதுசுதான் நீடிக்கும் என்பது என் கருத்து. சுருள் ஸ்பிரிங் உள்ள வேன் என்றால் இதோடு நிறுத்திக்கொண்டு மெக்கானிக்கிடம் விடுங்கள், அமுங்கிய சுருள் தெறித்தால் உயிருக்கே ஆபத்து.

இனி கழற்றும் வேலை. முந்தின நாளே எல்லா போல்ட்டிலும் துரு இளக்கும் எண்ணெய் அடித்துவிடுங்கள். முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள், ஹேண்ட்பிரேக் பெரும்பாலும் பின் சக்கரத்தைத்தான் பிடிக்கும், அதையே தூக்கிவிட்டால் வண்டியைப் பிடிக்க ஒன்றும் இருக்காது. சேஸிஸுக்கு அடியில் ஸ்டாண்ட் வைத்து, ஆக்ஸிலைத் தனி ஜாக்கியால் தாங்கிக்கொள்ளுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்கவே கூடாது. ஷாக்கின் கீழ் போல்ட், பட்டையை ஆக்ஸிலோடு பிடிக்கும் யூ போல்ட்டுகள், அப்புறம் பட்டையின் முன் நுனி வளையத்தில் உள்ள முன் கண் போல்ட், பின் நுனியைச் சேஸிஸோடு இணைக்கும் ஆடும் இணைப்பான பின் ஷாக்கிள் என்று ஒவ்வொரு பக்கமாகக் கழற்றுங்கள். ஆக்ஸிலை இறக்கும்போது பிரேக் ஹோஸ் இழுபடாமல் ஒரு கண் அதன் மேலேயே இருக்கட்டும்.

புதுப் பட்டையை ஏற்றும்போது தகடுகளை நடுவில் கோத்திருக்கும் சென்டர் போல்ட்டின் தலை ஆக்ஸில் இருக்கையின் குழிக்குள் சரியாக உட்கார வேண்டும். உட்காராவிட்டால் ஆக்ஸில் கோணலாகி வண்டி ஒரு பக்கம் இழுக்கும். யூ போல்ட் கட்டாயம் புதுசு, ஒருமுறை இறுக்கியது நீண்டிருக்கும். குறுக்கும் நெடுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக, மேனுவலில் உள்ள டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு இறுக்குங்கள்.

பலர் தவறவிடுவது இங்கேதான்: ரப்பர் புஷ் (போல்ட்டைச் சுற்றிய ரப்பர் உறை) உள்ள கண் போல்ட்டையும் ஷாக்கிளையும் வண்டி அந்தரத்தில் இருக்கும்போது முழுசாக இறுக்காதீர்கள். சக்கரம் தரையில் இறங்கி முழு எடையும் ஏறிய பிறகே இறுக்க வேண்டும், இல்லையென்றால் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும்.

மறுபடி அளந்து பாருங்கள். பின்பக்கம் உயர்ந்ததால் ஹெட்லைட் வெளிச்சம் கீழே இறங்கியிருக்கும், அதைச் சரிசெய்யுங்கள். ஆக்ஸிலிலிருந்து ஒரு கம்பி பிரேக் வால்வுக்குப் போனால் அது சுமைக்கேற்ப பின் பிரேக் அழுத்தத்தை மாற்றும் வால்வு. உயரம் மாறியதும் அது வண்டி காலி என்று எடுத்துக்கொண்டு பின் பிரேக்கைக் குறைத்துவிடும், ஆகவே பிரேக் தெரிந்தவரிடம் காட்டி அளவு வைத்துக்கொள்ளுங்கள். சுமார் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு யூ போல்ட், வீல் நட் இரண்டிலும் டார்க் ரெஞ்ச் வைத்துப் பாருங்கள். எனக்கு இடது பக்க யூ போல்ட் கால் சுற்று ஏறியது.