வாரச் சம்பளம் மாதச் சம்பளமாக மாறும்போது வரிப் பிடித்தத்தில் நடக்கும் தவறுகள்

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் சனிக்கிழமை என்றால் சம்பளம். டெய்லர், செக்கிங், அயர்னிங் எல்லாமே வாரக் கணக்குதான். அப்படியே மேலே வந்து மாதச் சம்பளத்துக்கு மாறுகிறவர்கள் முதல் சம்பளச் சீட்டைப் பார்த்ததும் கேட்பது, "டேக்ஸ் ஏனுங்க இவ்வளவு பிடிச்சிருக்கு?" என்றுதான்.

வாரம் 27,000 ரூபாய் வாங்கும் ஒரு மேனேஜரை எடுத்துக்கொள்வோம். 52 வாரத்துக்கு 14,04,000. 2025-26 புதிய வரித் திட்டப்படி சம்பளக்காரர்களுக்குக் கிடைக்கும் நிலையான கழிவு 75,000 போனால் வரி, செஸ் (வரியின் மேல் போடும் 4% கூடுதல் வரி) சேர்த்து 82,524. வாரத்துக்கு 1,587 பிடித்தாலும் மாதத்துக்கு 6,877 பிடித்தாலும் ஆண்டு முடிவில் அதே தொகைதான் வரும். வரி ஆண்டு வருமானத்துக்கே தவிர, சம்பளம் எத்தனை தவணையில் வருகிறது என்பதற்கு இல்லை.

பெரிய தவறு, வாரச் சம்பளத்தை நான்கால் பெருக்கி மாதச் சம்பளத்துக்குச் சம்மதிப்பது. 1,08,000 என்றால் சரியாகத்தான் தெரியும். ஆனால் ஆண்டுக்கு 48 வாரச் சம்பளம்தான் கைக்கு வருகிறது. மீதி நான்கு வாரத்து 1,08,000 ரூபாய் போச்சு. இதில் வரியைப் பார்த்து ஏமாறுகிறவர்கள்தான் அதிகம். வருமானம் 12,96,000 ஆகக் குறைவதால், கழிவு போக 12,21,000தான். 12 லட்சம் வரை வரி இல்லை; அதைக் கொஞ்சமே தாண்டினால், தாண்டிய தொகைக்கு மேல் வரி போகாமல் பார்த்துக்கொள்ளும் விளிம்பு நிவாரணம் கிடைத்து, செஸ் சேர்த்தும் வரி மாதம் 1,820 ஆகிவிடும். பிடித்தம் குறைந்ததே என்று சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். 52 ஆல் பெருக்கி 12 ஆல் வகுத்து 1,17,000 கேளுங்கள். இதைப் பேசித் தீர்க்காமல் கையெழுத்துப் போடவே கூடாது.

அடுத்தது, ஆண்டு நடுவில் மாறும்போது வருவது. வாரச் சம்பளம் ஒரு ரிஜிஸ்டர், ஸ்டாஃப் சம்பளம் இன்னொரு ரிஜிஸ்டர். அக்டோபரில் மாறினால், அடுத்த ஆறு மாதத்து 7,02,000 ரூபாயை மட்டும் பார்த்து "வரியே இல்லை" என்று விட்டுவிடுவார்கள். முதல் ஆறு மாதம் வாரா வாரம் பிடித்தது போக, பாக்கி 41,262 மார்ச்சில் மொத்தமாக வந்து நிற்கும். அப்போதும் கவனிக்காவிட்டால் ரிட்டர்ன் போடும்போது நம் கையிலிருந்துதான் கட்ட வேண்டும், வட்டியும் சேரலாம். மாறிய மாதமே அக்கவுண்ட்ஸில் போய், "ஏனுங்க, ஏப்ரல்ல இருந்து வாங்குன வாரச் சம்பளத்தையும், பிடிச்ச டேக்ஸையும் சேர்த்துட்டீங்களா?" என்று கேட்டுவிடுங்கள்.

சாஃப்ட்வேரில் 'வாரம்' என்ற தேர்வை மாற்றாமல் விடுவதும் உண்டு. அது 1,17,000 ரூபாயை 52 ஆல் பெருக்கி, ஆண்டு வருமானம் 60 லட்சத்தைத் தாண்டியதாக நினைத்து வரி பிடிக்கும். சம்பளச் சீட்டில் 'ஆண்டு மதிப்பீட்டு வருமானம்' என்ற இடத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

பி.எஃப். எப்போதுமே மாதக் கணக்குதான், அதில் குழப்பம் வராது.

கூடுதலாகப் பிடித்திருந்தால் அதே நிதியாண்டுக்குள் அடுத்த சம்பளங்களில் சரிசெய்ய வருமான வரிச் சட்டம் (2025-26-க்கு 1961 சட்டத்தின் பிரிவு 192(3)) இடம் தருகிறது. மார்ச் தாண்டிவிட்டால் ரிட்டர்ன் போட்டு ரீஃபண்ட் வாங்க வேண்டியதுதான்.