அறுகம் குடாவில் குடும்பங்கள் செய்யும் தவறுகள்

பொத்துவிலுக்குத் தெற்கே ஏறத்தாழ 3 கிலோமீற்றரில் இருக்கும் அறுகம் குடாவைப் பாசிக்குடா மாதிரி நினைத்து வருபவர்கள் அதிகம். பாசிக்குடாவில் இடுப்பளவு தண்ணீரில் வெகுதூரம் நடக்கலாம். இங்கே ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரை அலைச்சறுக்குப் பருவம். பலகைக்காரருக்கு நல்ல அலை என்றால் பிள்ளைகளுக்கு அது கெட்ட அலை.

பெரிய தவறு, அலை உடையாத இடமாகப் பார்த்துப் பிள்ளைகளை இறக்குவது. அலைகள் கரைக்குத் தள்ளிய தண்ணீர் திரும்பிப் போக வழி வேண்டுமே! ஆழமான ஒரு வாய்க்கால் வழியாக அது வெளியேறும். ஆழம் கூடியதால் அங்கே அலை உடையாது. பார்க்க அமைதியாகத் தெரியும். நிறம் சற்றுக் கறுத்து, நுரை கடல் பக்கம் நகர்ந்தால் அதுதான் இழுக்கும் இடம். அகப்பட்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாதீர்கள், களைத்துவிடுவீர்கள். மிதந்தபடி கையை உயர்த்துங்கள். முடிந்தால் கரைக்கு இணையாக நீந்தி, அலை உடையும் பக்கம் வந்து, அலையோடு கரையேறுங்கள்.

இன்னொன்று, வந்ததும் இறங்குவது. பெரிய அலைகள் கூட்டமாக வரும், நடுவில் கடல் சில நிமிடம் அடங்கிக் கிடக்கும். 20 நிமிடமாவது பார்த்த பிறகே இடம் முடிவு செய்யுங்கள். பாறைக்கும் இதே கணக்குத்தான்: நனைந்திருக்கும் பாறை என்றால் அலை அதுவரை ஏறுகிறது.

காற்றடைத்த வளையங்களை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். இந்தப் பருவத்தில் கச்சான் காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசும். அலையைச் சீராக நிமிர்த்துவதும் அதுதான், வளையத்தைப் பிள்ளையோடு வெளியே தள்ளுவதும் அதுதான்.

பலகை பழகும் சிறுவர்கள் அதை வயிற்றுக்கு முன்னால் குறுக்கே பிடிப்பார்கள். அலை வந்தால் பலகை வயிற்றிலோ முகத்திலோதான் அடிக்கும். முனை கடலைப் பார்க்க, உடம்புக்குப் பக்கவாட்டில் பிடிக்கச் சொல்லுங்கள். பழக ஏற்றது குடாவின் உட்பக்கமுள்ள பேபி பொயின்ட். பெரிய அலை உடையும் மெயின் பொயின்டில் அடியில் பாறை. அங்கே கடல் முள்ளெலியை மிதித்தால் வெளியே நீட்டிய முள்ளை மட்டும் சாமணத்தால் எடுங்கள், உள்ளே தோண்டாதீர்கள். பொறுக்கக்கூடிய சூட்டுத் தண்ணீரில் அரை மணி நேரமாவது காலை வைத்திருந்தால் வலி குறையும்.

யானைக்கல் (எலிபன்ட் றொக்) என்ற கடலோரப் பாறைக்குப் போகிறவர்கள் மணல் ஒட்டிய காலைப் பக்கத்துக் களப்பில் கழுவப் போவதைக் காணலாம். வேண்டவே வேண்டாம், அங்கே முதலை இருக்கிறது. 2017இல் ஒரு பிரித்தானியப் பயணி அங்கே முதலை தாக்கி உயிரிழந்தார். பாறை உச்சியில் நிழலும் இல்லை. ஆளுக்கு ஒரு லீற்றர் தண்ணீராவது கொண்டுபோங்கள். பொழுது சாயும் அழகைப் பார்த்தே தீருவோம் என்றால் ஓட்டோவைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு ஏறுங்கள், இருட்டியபின் அந்தப் பாதையில் யானைகள் இறங்கும்.